ஏர்பேக் லைட் எரிஞ்சா அணைக்காதீங்க, சரி பண்ணுங்க



வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற ஆள் இன்னிக்கு கார் பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு எதுக்குய்யா மெக்கானிக் வேலை"ன்னு தோணும். எனக்கும் போன மாசம் வரைக்கும் அப்படித்தான் தோணுச்சு. திரெட் கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

கேஷுவாலிட்டியில் எனக்கு மாலை டியூட்டி. ஆறு மணி இருக்கும். 19 வயசுப் பையன் ஒருத்தனை ரெண்டு பேர் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. சட்டை முழுக்க கிரீஸ். முகத்துல மாவு அப்பின மாதிரி வெள்ளைத் தூள். வலது கையைத் தொங்கப் போட்டுட்டு, இடது கையால கண்ணைப் பொத்திக்கிட்டு "எரியுது சார், எரியுது சார்"னு கத்துறான்.

"எங்க ஆக்சிடெண்ட்?"னு கேட்டேன்.

கூட வந்த பட்டறை ஓனர் சொன்னார்: "ஆக்சிடெண்ட் இல்ல சார். ஷெட்ல நின்ன வண்டி. ஏர்பேக் வெடிச்சிருச்சு."

நடந்தது இதுதான். ஒருத்தர் தன் காரை விட்டுட்டுப் போயிருக்கார். ஹாரன் அடிக்கல, டாஷ்போர்டில் ஏர்பேக் லைட்டும் எரியுது. ஹாரனை மட்டும் பாரு, லைட்டைக் கண்டுக்காதேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பையன் ஸ்டியரிங் நடுவில் இருக்கிற பேடைக் கழட்டி, அதைத் தன் பக்கம் பார்த்த மாதிரி மடியில் வச்சுக்கிட்டு, ஹாரன் ஒயர் எதுன்னு தேடியிருக்கான். பேட்டரி கனெக்‌ஷன் எடுக்கல. கையில் டெஸ்ட் லைட். மஞ்சள் கலர்ல ஒரு கனெக்டர் இருந்திருக்கு. அதுல குத்திப் பார்த்திருக்கான்.

டமால்.

முதல்ல கண்ணைப் பார்த்தோம். மத்த எதுவும் காத்திருக்கலாம், கண் காத்திருக்காது. ஏர்பேக் வெடிக்கும்போது வெளியே வர்ற வாயுவிலும் தூளிலும் காரத்தன்மை உள்ள ரசாயனம் கொஞ்சம் இருக்கும். கண்ணுல அமிலம் பட்டா மேற்பரப்பைச் சுட்டுட்டுப் பெரும்பாலும் அங்கேயே நின்னுடும். காரம் நிக்காது. உள்ளே உள்ளே ஊறிக்கிட்டே போகும். அதனால விசாரணை, எழுத்து வேலை எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு, மரப்பு சொட்டு மருந்து விட்டு, இமையைத் திருப்பி, குளுக்கோஸ் ஏத்துற டியூபிலேயே சலைனைத் திறந்து விட்டுக் கழுவினோம். பி.ஹெச். பார்க்கிற பேப்பர் கையில் இல்லை. யூரின் டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப்பில் பி.ஹெச். கட்டம் இருக்கும் இல்லையா, அதை வெட்டி இமைக்குள்ள தொட்டுப் பார்த்துப் பார்த்து, நார்மலுக்கு வர்ற வரைக்கும் கழுவினோம். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவங்களுக்கு இந்த வித்தை தெரியும்.

ஓனரிடம் கேட்டேன். "வெடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுண்ணே?"

"முக்கால் மணி நேரம் இருக்கும் சார்."

"பட்டறையில் தண்ணி இல்லையா?"

"இருக்கு சார். தண்ணி பட்டா கண்ணு போயிரும்னு பசங்க சொன்னாங்க. அதான் துணியைக் கட்டிக் கூட்டியாந்தோம்."

நண்பர்களே, வேறு எதுவும் ஞாபகம் இல்லைன்னாலும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க. கண்ணுல எந்த ரசாயனம் பட்டாலும், ஏர்பேக் தூளோ சுண்ணாம்போ பாத்ரூம் கிளீனரோ, அங்கேயே, அந்த நிமிஷமே, குழாய்த் தண்ணியில் 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவணும். கழுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி. அந்தப் பையனோட முக்கால் மணி நேரத்தை எங்களால திருப்பித் தர முடியாது.

கட்டைவிரல் அடியில் எலும்பு முறிவு. முன்கையில் தோல் உரிஞ்சு, தீப்பட்ட மாதிரி செவப்பு. காதுல ஓயாமல் "ங்ங்ங்"னு சத்தம். கண் டாக்டர் நீல வெளிச்சத்தில் பார்த்துட்டு, கருவிழியில் கீறல் இருக்கு, பார்வை போகாதுன்னார். அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, காத்து பையிதானே, அது எப்படிய்யா எம்புள்ளை எலும்பை ஒடைக்கும்?"னு கேட்டாங்க.

சரியான கேள்வி. படிச்ச நமக்கே இதுக்குப் பதில் தெரியாது.

ஏர்பேக்னு பேர் வச்சதாலேயே நாம அதை பலூன்னு நினைச்சுட்டோம். அதுக்குள்ள காத்து கிடையாது. மடிச்சு வச்ச நைலான் பை, அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன உலோக டப்பா, டப்பாவுக்குள்ள வேகமா எரிஞ்சு வாயுவாக மாறுற ரசாயன வில்லைகள், அதைப் பத்த வைக்க மின்சாரத்தில் எரியுற ஒரு திரி. அவ்வளவுதான். சிவகாசிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோதல் நடந்தா சென்சார் சொல்லும், கன்ட்ரோல் யூனிட் முடிவெடுக்கும், திரிக்குக் கரன்ட் போகும், பை விரியும். மோதினதிலிருந்து பை விரிஞ்சு முடியிற வரைக்கும் ஏறக்குறைய 50 மில்லி செகண்ட். நீங்க ஒரு தடவை கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும். பை வெளியே வர்ற வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். அந்த வேகம் இல்லைன்னா உங்க முகம் ஸ்டியரிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி அது வந்து நிக்க முடியாது.

ஆக, உங்க ஸ்டியரிங் நடுவில், உங்க நெஞ்சுக்கு நேரா இருக்கிறது ஒரு வெடிபொருள். உங்களுக்காக வெடிக்கக் காத்திருக்கிற வெடிபொருள். அதைப் பழுது பார்க்கிறது ஹாரன் ஒயர் மாத்துற வேலை இல்லை.

இந்த ஹாரன் விஷயத்தையும் சொல்லிடறேன். ஸ்டியரிங்குக்கு அடியில் 'கிளாக் ஸ்பிரிங்'னு ஒரு பாகம் இருக்கு. பட்டையான ஒயரைச் சுருட்டி வச்ச மாதிரி. ஸ்டியரிங் எவ்வளவு சுத்தினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் இணைப்பு அறுந்து போகாமல் பார்த்துக்கிறது அதோட வேலை. அது அறுந்தா ஹாரனும் போகும், ஏர்பேக் லைட்டும் எரியும். ரெண்டும் ஒண்ணா வந்திருக்குன்னா அதுவே பெரிய துப்பு. நெஞ்சு வலியோட இடது கையும் வலிக்குதுன்னு ஒருத்தர் வந்தா, கை வலிக்கு மட்டும் தைலம் கொடுத்து அனுப்பினா எப்படி இருக்கும்? அந்த ஓனர் செய்யச் சொன்னது அதைத்தான்.

என் கூட ஸ்கூல்ல படிச்ச ஒருத்தன் ஒரு கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சீனியர் எலக்ட்ரீஷியன். அன்னிக்கு ராத்திரி அவனுக்கு போன் பண்ணினேன். "டேய், இந்த வேலையை நீங்க எப்படிடா பண்ணுவீங்க?"

அவன் சொன்னதை அப்படியே எழுதறேன். பட்டறை வச்சிருக்கிறவங்க, வேலை பழகுற தம்பிகள் இதைக் கட்டாயம் படிங்க.

"மொதல்ல இக்னிஷன் ஆஃப். சாவி வெளிய. அப்புறம் பேட்டரியில் மைனஸைக் கழட்டி, திரும்ப ஒட்டாத மாதிரி துணி சுத்தி ஓரமா வச்சிடுவோம். கழட்டின உடனே கையை வைக்க மாட்டோம் மச்சான். காத்திருப்போம். எவ்வளவு நேரம்னு ஒவ்வொரு வண்டிக்கும் மேனுவல்ல போட்டிருக்கும். சிலதுக்கு ஒன்றரை நிமிஷம், சிலதுக்கு 3 நிமிஷம், சிலதுக்கு 10 நிமிஷம்கூட."

ஏன் காத்திருக்கணும்? இது எனக்கு உடனே புரிஞ்சது. எங்க டீஃபிப்ரிலேட்டர் மெஷினும் இப்படித்தான். சார்ஜ் பண்ணிட்டுப் பிளக்கைப் பிடுங்கினா, அது செத்துப் போச்சுன்னு அர்த்தமில்லை. உள்ளே கெபாசிட்டரில் கரன்ட் இருக்கும். மோதலில் பேட்டரியே நசுங்கிப் போனாலும் ஏர்பேக் விரியணும் இல்லையா, அதுக்காகக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ளேயே கரன்டைச் சேமிச்சு வச்சிருக்காங்க. அது வடியிற வரைக்கும் கை வைக்கக்கூடாது.

"மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஒயர்னா பெரும்பாலும் ஏர்பேக் லைன். அதுல டெஸ்ட் லைட் குத்தக்கூடாது. சாதா மல்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் பார்க்கக்கூடாது. மீட்டர் அனுப்புற சின்னக் கரன்டே போதும், திரி பத்திக்கலாம். ஸ்கேனர் போட்டு கோட் எடுத்துத்தான் பார்ப்போம். கழட்டின பேடை, டிசைன் இருக்கிற பக்கம் உடம்புக்கு வெளிப்பக்கமா பார்த்த மாதிரி தூக்கணும். மேசையில் வைக்கும்போது அந்தப் பக்கம் மேல பார்க்கணும், மேல எதையும் வைக்கக்கூடாது. கவுத்து வச்சு வெடிச்சா மொத்த டப்பாவும் ராக்கெட் மாதிரி கூரைக்குப் போயிரும். மடியில வைக்கிறதா? நாங்க பார்த்தா பையனை வெளிய அனுப்பிடுவோம்டா."

பெயின்ட் பூத் சூட்டுல வைக்கிறது, பக்கத்துல வெல்டிங் அடிக்கிறது, ஒயரை வெட்டி ஒட்டி டேப் சுத்துறது, வெடிக்காத பேடைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுறது, இதெல்லாமும் கூடாதுன்னான். சீட் பெல்ட்டை மோதல் நேரத்தில் வெடுக்குன்னு இறுக்கிப் பிடிக்கிற பிரிடென்ஷனரிலும் இதே மாதிரி வெடிமருந்து இருக்காம். சீட் பக்கத்தில் குடையும்போதும் அதே ஜாக்கிரதை வேணும்.

இங்க ஒண்ணு சொல்லணும். எல்லாரும் அந்தப் பையனைத்தான் திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தா? பத்தாவது முடிச்சுட்டு ஷெட்டுக்கு வந்தவன். கார்பரேட்டர் காலத்து மெக்கானிக்கிட்டத் தொழில் கத்துக்கிட்டவன். வண்டிகள் மாறிடுச்சு. இந்தியாவில் புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். முன்சீட்டில் ரெண்டு பக்கமும் கட்டாயம்னு ஆனது 2021-ல். அதாவது அந்தக் கார்கள் எல்லாம் இப்போதான் கம்பெனி வாரன்டி முடிஞ்சு, ரோட்டோர ஷெட்டுக்கு வர ஆரம்பிச்சிருக்கு. இனிமேல்தான் கூட்டம் கூட்டமா வரும். ஏர்பேக்கைக் கழட்டுற முறையைக் கம்பெனிகள் தங்களோட சர்வீஸ் சென்டருக்குள்ளேயே பூட்டி வச்சுக்கிட்டா, வெளியே இருக்கிறவன் குத்தித்தான் பார்ப்பான். இந்த ஒரு அத்தியாயத்தையாவது எல்லா மெக்கானிக்குக்கும் இலவசமா, தமிழில், படத்தோட கொடுக்கணும். மருந்துக் கம்பெனி ஒவ்வொரு மாத்திரை டப்பாவுக்குள்ளும் ஒரு சீட்டு வைக்குது. வெடிமருந்து விக்கிறவங்க அதைச் செய்ய மாட்டாங்களா?

சரி, இப்போ என் கதை. கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

என் காரிலும் ஏர்பேக் லைட் நாலு மாசமா எரிஞ்சுக்கிட்டு இருந்தது. ஒருத்தன் உட்கார்ந்திருக்க, அவன் முன்னாடி ஒரு வட்டம் இருக்கிற மாதிரி சிவப்பு படம். தினமும் பார்த்தேன். தினமும் ஓட்டினேன். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், "டாக்டர் சார், சென்டருக்குப் போனீங்கன்னா ஐம்பதாயிரம்பான். 1,500 கொடுங்க, லைட்டை ஆஃப் பண்ணித் தர்றேன்"னு சொன்னார். நேரமில்லாததால தப்பிச்சேனே தவிர, புத்தி இருந்ததால இல்லை.

அந்த லைட் எரியுதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? கன்ட்ரோல் யூனிட் எங்கேயோ கோளாறைக் கண்டுபிடிச்சிருக்கு. பல வண்டிகளில் அப்போ அந்த ஏர்பேக்கோ மொத்த சிஸ்டமோ வேலை செய்யாமல் ஒதுங்கிக்கும். மோதினா பை வராது. நாலு மாசம் நான் என் பொண்டாட்டி, பிள்ளையை ஏர்பேக் இல்லாத வண்டியில் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். காசு கொடுத்து வாங்கின ஏர்பேக்.

அந்தப் பையனைப் பார்த்த மறுநாளே நண்பனோட சென்டரில் விட்டேன். ஸ்கேனர் போட்டான். டிரைவர் பக்கம் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் ஒண்ணு லூஸ். அவ்வளவுதான். உள்ளே கிளீனிங் பண்ணக் கொடுத்தப்போ சீட்டை முன்னயும் பின்னயும் இழுத்ததில் கழண்டிருக்கு. செக்கிங் சார்ஜோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகலை.

எல்லாருக்கும் இப்படி மலிவா முடியும்னு சொல்ல வரலை. கிளாக் ஸ்பிரிங் போனா சில ஆயிரம் ஆகும். கன்ட்ரோல் யூனிட் போனா அதிகமாகும். நம்ம ஊர்ல எலி ஒயரைக் கடிச்சு வர்ற லைட்டும் நிறைய. ஆனா என்னன்னே பார்க்காமல் "ஐம்பதாயிரம்"னு பயந்து லைட்டை அணைக்கிறது, பயாப்ஸி எடுக்காமலே கேன்சர்னு முடிவு பண்ணி வீட்டில் படுத்துக்கிற மாதிரி.

இந்தக் கதையை டியூட்டி ரூமில் சொல்லிக்கிட்டு இருந்தேன். கேட்டுக்கிட்டு இருந்த ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர் ஒருத்தங்க, "சார், எங்க வண்டியில் அந்த லைட் எரியறதே இல்ல. அப்ப நல்லாத்தானே இருக்கு?"ன்னாங்க.

"சாவி போட்டதும் ஒரு தடவை எரிஞ்சு, சில செகண்டில் அணையுதா சிஸ்டர்?"

"ஆமா சார், எரிஞ்சு அணையும்."

அப்போ கவலையில்லைன்னு சொல்லிட்டேன். அந்த விளக்கு சாவி போட்டதும் எரிஞ்சு அணையறதுதான் சரியான அறிகுறி. எரியவே இல்லைன்னா பல்பைப் புடுங்கிட்டாங்க, ஒயரை வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். ஆனா அவங்க வண்டி செகண்ட் ஹேண்ட். வாங்கி ரெண்டு வருஷம். மனசு கேக்காமல் சென்டரில் காட்டச் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்து போட்டோ காட்டினாங்க. ஸ்டியரிங் பேடைக் கழட்டினா உள்ளே ஒண்ணுமே இல்லை. காலி. வெறும் பிளாஸ்டிக் மூடி. மஞ்சள் கனெக்டரில் ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ரெசிஸ்டர். நம்ம பழைய ரேடியோவுக்குள்ள இருக்குமே, அரிசி மணி அளவுக்கு, அது. கன்ட்ரோல் யூனிட் ஏர்பேக் இருக்கா இல்லையான்னு அந்த லைனோட தடையை அளந்துதான் தெரிஞ்சுக்கும். ரெசிஸ்டரைப் பார்த்ததும் அது "ஓ, ஏர்பேக் இருக்கு"ன்னு நம்பிடும். லைட் அழகா எரிஞ்சு அழகா அணையும்.

யாரோ ஒருத்தர் அந்தக் காரை முன்னாடியே எங்கேயோ மோதியிருக்கார். ஏர்பேக் வெடிச்சிருக்கு. ஏர்பேக் ஒரு தடவைதான். வெடிச்சா அதை மடிச்சு உள்ளே வைக்க முடியாது. புது மாட்யூல், பிரிடென்ஷனர், கம்பெனி சொல்ற சென்சார், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் மாத்தணும். சின்னக் காருக்கே செலவு பல பத்தாயிரம். அதை மிச்சம் பிடிக்க ஒரு மூடியை ஒட்டி, பெயின்ட் அடிச்சு, "சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்டு வண்டி"ன்னு வித்திருக்காங்க. டாக்டர் யூஸ்டுன்னா நம்பாதீங்க, மேலே என் யோக்கியதையைப் படிச்சீங்கல்ல.

சிஸ்டர் அழுதாங்க. ரெண்டு வருஷமா பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன வண்டி.

வித்த புரோக்கர்கிட்ட கேட்டா, "நான் வாங்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு"ன்னார். அதுக்கு மேல எங்கே போறதுன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியல.

என் கோபம் இங்கேதான் வருது. யோசிச்சுப் பாருங்க. புகை சர்டிபிகேட் இருக்கான்னு ரோட்டில் நிறுத்திக் கேட்கிறோம். இன்சூரன்ஸ் வருஷா வருஷம். நம்பர் பிளேட் எழுத்து சைஸுக்கு அபராதம். ஆனா சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதுவரைக்கும் எஃப்.சி. கிடையாது. அந்த 15 வருஷத்தில் அந்த வண்டி ரெண்டு தடவை மோதி, மூணு ஓனர் மாறினாலும், ஸ்டியரிங்குக்குள்ள ஏர்பேக் இருக்கான்னு சட்டப்படி யாரும் திறந்து பார்க்கப் போறதில்லை. கட்டாயம்னு சட்டம் போட்டது ஷோரூம் வாசலோடு முடிஞ்சு போச்சு. தடுப்பூசி கட்டாயம்னு சொல்லிட்டு, குப்பிக்குள்ள மருந்து இருக்கா தண்ணி இருக்கான்னு பார்க்காத மாதிரி.

ஆறு ஏர்பேக் வேணுமா ரெண்டு போதுமான்னு 2022, 2023-ல் டிவியில் எவ்வளவு விவாதம் நடந்தது. ஆறு வந்தா நல்லதுதான். ஆனா ஏற்கெனவே இருக்கிற ரெண்டு உயிரோட இருக்கான்னு யாராவது கேட்டாங்களா? பேர் மாத்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டி போகும்போது, ஏர்பேக் சோதனை பண்ணின ஒரு சான்று வேணும்னு வச்சா என்ன? மோதலில் ஏர்பேக் வெடிச்சது இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும். கிளெய்ம் போட்டோ அவங்ககிட்ட இருக்கு. அந்தத் தகவல் ஆர்.சி.யில் ஏறினா அடுத்து வாங்கப் போறவனுக்குத் தெரியும். "இதுவும் ஒரு லஞ்சத்துக்கு வழி"ன்னு சிலர் சொல்வீங்க. இருக்கலாம். அதுக்காகப் பார்க்காமலே விடலாமா?

அதுவரைக்கும் நம்மளே பார்த்துக்கணும். பழைய கார் வாங்கப் போறீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, ஸ்கேன் மட்டும் போதாது, பேடைக் கழட்டி மாட்யூல் இருக்கா, அதோட லேபிள் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ரெசிஸ்டர் ஸ்கேனரையும் ஏமாத்தும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி, இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரி கேளுங்க. விக்கிறவர் "எதுக்கு சார் அதெல்லாம்"னு இழுத்தா வேற வண்டி பாருங்க.

சென்னையிலிருந்து வர்ற வண்டின்னா இன்னொரு கேள்வி சேர்த்துக்கோங்க. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம்னு எத்தனை கார் தண்ணியில் நின்னுச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் நடுவில், கியருக்குப் பக்கத்தில் தரையோடு ஒட்டி இருக்கும். மஞ்சள் கனெக்டர்கள் சீட்டுக்கு அடியில். சீட் மட்டத்துக்குத் தண்ணி ஏறியிருந்தா அது ரெண்டும் முங்கியிருக்கும். சீட்டைத் துவைச்சு, சென்ட் அடிச்சா வாசனை போகும், உள்ளே பிடிச்ச பாசி போகாது.

மலிவா ஏர்பேக் கிடைக்குதுன்னு ஆன்லைனிலும் ஸ்கிராப்பிலும் வாங்காதீங்க. 2024-ல் டெல்லி போலீஸ் போலி ஏர்பேக் தயாரிச்ச கும்பலையே பிடிச்சாங்க. தப்பான ஏர்பேக் சும்மா வேலை செய்யாமல் இருக்கிறதோடு நிக்காது. ஜப்பானின் டகாட்டா கம்பெனி கதை உலகத்துக்கே தெரியும். போலி இல்லை, பெரிய கார் கம்பெனிகள் வாங்கிப் போட்ட அசல் சரக்கு. அதில் பயன்படுத்தின அம்மோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டுக் கெட்டுப் போய், மோதும்போது அளவுக்கு மீறி வெடிச்சு, உலோக டப்பாவே சிதறி, கழுத்திலும் முகத்திலும் பாய்ஞ்சது. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் ஆட்கள் செத்தாங்க. சின்ன மோதலில், உயிர் பிழைச்சிருக்க வேண்டியவங்க. உலகம் முழுக்க கோடிக்கணக்கான டப்பாக்களைத் திரும்ப வாங்கினாங்க, கம்பெனி 2017-ல் திவாலாச்சு. வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் ஆபத்து அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. நாகப்பட்டினம், தூத்துக்குடி நண்பர்களே, நம்ம ஊர் எப்படின்னு நான் சொல்லணுமா? இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா போன்ற கம்பெனிகள் பழைய மாடல்களை அழைச்சு இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. உங்க வண்டி பழசுன்னா சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்க. ரீகாலில் வந்தா காசு கிடையாது.

சர்வீஸ் பண்ணி வச்ச ஏர்பேக்கை நாமே கெடுக்கிற சில விஷயங்கள் இருக்கு. வேகமா சொல்லிடறேன்.

இடதுபக்க டாஷ்போர்டில் ஏர்பேக்னு எழுதியிருக்கிற இடத்தில் பிள்ளையாரை ஒட்டாதீங்க. மாதா, மெக்கா படம், மொபைல் ஸ்டாண்ட் எதையும்தான். பை விரியும்போது அது எதிரே இருக்கிறவங்க முகத்துக்குத்தான் வரும். சாமியைக் கொஞ்சம் நடுவில் வைங்க, கோவிச்சுக்க மாட்டார். சீட்டில் சைடு ஏர்பேக் இருந்தா முழுசா மூடித் தைக்கிற சீட் கவர் போடாதீங்க. முன்னாடி கம்பி பம்பர் மாட்டாதீங்க. அது 2017-லிருந்தே சட்டப்படி கூடாது, சென்சார் கணக்கையும் குழப்பும். ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல இடைவெளி விடுங்க. கர்ப்பிணிகள் சீட்டை இன்னும் பின்னாடி தள்ளிக்கிட்டு, பெல்ட்டின் கீழ்ப் பட்டை வயித்துக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல வர்ற மாதிரி போட்டுக்கோங்க.

முன்சீட்டில் மடியில் குழந்தை. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், வேண்டாம். 19 வயசுப் பையனோட கட்டைவிரலை உடைச்ச வேகம் அது. உங்க மடியில் இருக்கிற குழந்தையோட தலையும் கழுத்தும் அதுக்கு நேர் எதிரே இருக்கு. குழந்தை பின்சீட்டில், அதுக்குரிய சீட்டில்.

பெல்ட் போடாமல் ஏர்பேக்கை நம்பாதீங்க. அதோட இங்கிலீஷ் பேரிலேயே 'துணை' ஏற்பாடுன்னுதான் இருக்கு. பெல்ட் உங்களைப் பிடிச்சு வச்சாத்தான், நீங்க முன்னாடி பாயறதுக்குள்ள பை விரிஞ்சு நிக்கும். பெல்ட் இல்லைன்னா விரிஞ்சுக்கிட்டு இருக்கிற பையிலேயே போய் மோதுவீங்க. பின்சீட்டுக்கும் பெல்ட். சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தது எவ்வளவு பாதுகாப்பான காரில், எந்த சீட்டில், எது இல்லாமல்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

விபத்தில் ஏர்பேக் விரிஞ்சிட்டா புகை மாதிரி வரும். தீன்னு பதறாதீங்க, பெரும்பாலும் தூள்தான். கதவைத் திறந்து வெளியே வாங்க. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு வீசிங் வரலாம், இன்ஹேலர் எடுத்துக்கோங்க. கை முகத்தைக் கழுவுங்க. கண் எரிஞ்சா 20 நிமிஷம், மேலே சொன்னேன். ஒண்ணுமில்லைன்னு தோணினாலும் நெஞ்சு வலி, கழுத்து வலி, மயக்கம் இருந்தா 108. தமிழ்நாட்டில் விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு, பணத்தை நினைச்சுத் தயங்காதீங்க.

அந்தப் பையன் போன வாரம் கட்டுப் பிரிக்க வந்தான். கண் பரவாயில்லை. வெயில்ல கூசுது, கண்ணாடி போட்டிருக்கான். கட்டைவிரல் இன்னும் முழுசா மடங்கல, ஸ்பேனர் பிடிக்க பிசியோதெரபி ஒரு மாசமாவது ஆகும். காதில் சத்தம் குறைஞ்சிருக்கு. "சார், இப்ப ஹாரன் கம்ப்ளெயின்ட் வந்தா மைனஸைக் கழட்டிட்டு டீ குடிக்கப் போயிடணும், அதானே?"ன்னு கேட்டான்.

"டீயை முழுசாக் குடிச்சுட்டு வா தம்பி"ன்னேன்.

அவன் ஓனர் ஷெட்டு சுவத்தில் என் நண்பன் சொன்னதை எழுதி ஒட்டியிருக்காராம். பக்கத்தில் வாளியில் தண்ணியும், கண் கழுவ ஒரு மக்கும் வச்சிருக்காங்களாம். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன், வந்ததும் இங்கே போடறேன்.

நாளைக்குக் காலையில் வண்டி எடுக்கும்போது சாவியைப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணாமல் டாஷ்போர்டை ஒரு பத்து செகண்ட் பாருங்க. ஏர்பேக் படம் எரிஞ்சு அணைஞ்சதா, எரிஞ்சுக்கிட்டே இருக்கா, எரியவே இல்லையான்னு கீழே எழுதுங்க. நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து ஒவ்வொருத்தருக்கும் பதில் போடறேன்.